அத்திரம்பாக்கத்துக்கு ஒரு பணியிடம்

கொஞ்ச நாளாகச் சென்னையில் எந்தக் கருத்தரங்குக்குப் போனாலும் 'பப்ளிக் ஹியூமானிட்டீஸ்' என்ற பெயர் காதில் விழாமல் திரும்ப முடியவில்லை. வரலாறு, இலக்கியம், மெய்யியல், நாட்டார் வழக்காறு ஆகியவற்றைக் கல்லூரிச் சுவருக்கு வெளியே மக்களிடம் கொண்டுபோகும் படிப்பு என்று விளக்குகிறார்கள். பொது மானுடப் புலம் என்று சொல்லிக்கொள்ளலாம். இது மேற்கிலிருந்து இப்போதுதான் வந்திருக்கிறதாம். கலைப் பாடம் படித்த நம் பிள்ளைகளுக்கு அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம், மரபு நடை, வலையொலி என்று புதுப்புது வேலைகளைத் திறந்துவிடுமாம். முதல் பாதி வெறும் அறியாமை. இரண்டாம் பாதி ஆபத்தானது, ஏனென்றால் அதை நம்பி முதுகலை சேருகிற மாணவர்கள் இருக்கிறார்கள்.

அறியாமையை விரைவாகக் கடந்துவிடலாம், இந்த வேலை இங்கே பழையது என்ற கதை வாசகர்களுக்குத் தெரியும். பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி.வை. தாமோதரம் பிள்ளை புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்தவர். உ.வே.சா. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சிட்டார். தள்ளாத வயதில் தன் சரித்திரத்தை ஆனந்த விகடனில் வாராவாரம் எழுதினார். ஒரு செம்மொழிப் பதிப்பாசிரியர் ஜனரஞ்சக வார இதழில் தொடர் எழுதுவதைவிடப் பொதுவான மானுடப் புலம் எது? வரலாற்று ஆய்வாளர் மயிலை சீனி. வேங்கடசாமி பள்ளி ஆசிரியர். கோட்டையூர் ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதிய ஓவியர். அவர் சேர்த்த நூல்களைக் கொண்டுதான் 1994-ல் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. கல்வெட்டு ஆய்வாளர் ஐராவதம் மகாதேவன் ஐ.ஏ.எஸ். அதிகாரி. தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டத்தை 1998 பொங்கலன்று தொடங்கிய கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளர்.

இந்தப் பட்டியலை மேடையில் வாசிப்பவர்கள் கடைசியில் ஒரு வரி சேர்ப்பார்கள்: 'ஆர்வம் இருந்தால் போதும், பாருங்கள்!' நான் சண்டைக்கு நிற்பது இந்த வரியோடுதான். மேலே சொன்ன ஒவ்வொருவருக்கும் சோறு போட்டது வேறொரு தொழில். நீதிமன்றச் சம்பளம், கல்லூரிச் சம்பளம், அரசுப் பணி, கடை. ஆராய்ச்சி அவர்களின் இரண்டாவது வாழ்க்கை. முதல் வாழ்க்கைக்கே வழியில்லாத ஒருவரிடம் போய் அந்த இரண்டாவதை முன்மாதிரியாகக் காட்டுவது கொடுமை.

ம.பொ.சி. என்ற ம.பொ. சிவஞானத்தைக் கொஞ்சம் தனியாகச் சொல்ல வேண்டும், அவர் பெயர் நான் பேச வந்த திருவள்ளூர் நிலத்தோடு ஒட்டியது என்பதால். மூன்றாம் வகுப்போடு பள்ளிப் படிப்பு நின்றது. அச்சுக்கோர்ப்பவராக வேலை பார்த்தார். சிலப்பதிகாரத்தை வித்துவான்களின் கையிலிருந்து எடுத்துத் தெருமுனை மேடையில் வைத்தவர். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததற்குப் பின்னால் அவருடைய வடக்கெல்லைப் போராட்டம் இருக்கிறது. ஒரு காவியத்தை வாசிக்கிற முறை ஒரு மாவட்டத்தின் எல்லைக்கோடு வரை போயிருக்கிறது. இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் முதுகலை படிக்கும் எத்தனை பேருக்கு இது பாடமாக வந்தது?

எனக்கு மிகவும் பிடித்த காலம் அதற்கும் அடுத்தது: நா. வானமாமலையின் காலம். அரசு வேலையை விட்டுவிட்டுப் பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்தினார். 1967-ல் நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கினார், 1969-ல் 'ஆராய்ச்சி' இதழைத் தொடங்கினார். வகுப்பறைக்கு உள்ளேயும் வெளியேயும் இருந்தவர்கள் ஒரே கூட்டத்தில் கட்டுரை வாசித்தார்கள், ஒருவரையொருவர் கிழித்தார்கள், திருத்தி எழுதினார்கள். ஆ. சிவசுப்பிரமணியன் போன்ற ஆய்வாளர்கள் உருவான இடம் அது. 1964-ல் வந்த 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' தொகுப்பைப் புரட்டிப் பாருங்கள். பாட்டுக்குக் கீழே சேகரித்தவர் பெயரும் ஊரும் இருக்கும். எஸ்.எஸ். போத்தையா என்ற பெயரும் தங்கம்மாள்புரம் என்ற ஊரும் அப்படித்தான் தமிழ் ஆய்வு வரலாற்றுக்குள் வந்தன. அச்சில் ஒரு வரிதான், ஆனால் தமிழில் இந்தத் துறைக்கு அதைவிட நேர்மையான விதியை யாரும் எழுதவில்லை. உழைத்தவரின் பெயர் உழைப்பின் அடியிலேயே நிற்க வேண்டும்.

1980-ல் நா.வா. மறைந்தார். பின்னால் வந்தது ஆய்வேட்டு வெள்ளம். நாட்டார் வழக்காறு பல்கலைக்கழகப் பாடமானது. அது நல்லதுதான், பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரித் துறை செய்த நல்ல வேலைகளை மறுக்கவில்லை. ஆனால் எம்.ஃபில். பட்டத்துக்காகத் தாலுகாவுக்கு ஒரு தாலாட்டு, தாலாட்டுக்கு ஓர் ஒப்பாரி என்று அச்சடித்தாற்போல் ஏடுகள் குவிந்தன. தலைப்பில் வட்டாரப் பெயரை மாற்றினால் உள்ளடக்கம் பொருந்திவிடும். பாடிய கிழவி பின்னிணைப்பில் 'தகவலாளி' ஆனாள். பட்டம் கையில் வந்ததும் ஊரோடு இருந்த உறவு முடிந்தது. எம்.ஃபில். படிப்பே இப்போது இல்லை. அந்த மலட்டு ஏடுகள் நூலகங்களில் தூசு தின்கின்றன. விதிவிலக்கும் உண்டு. தொ. பரமசிவன் முனைவர் பட்டத்துக்கு எழுதிய 'அழகர் கோயில்' 1989-ல் நூலானது, இன்றும் வாசிக்கப்படுகிறது. 2024-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதை ஆ.இரா. வேங்கடாசலபதி பெற்றதும் ஆவணக் காப்பகத்தில் புரண்டு எழுதிய ஒரு வரலாற்று நூலுக்குத்தான். இருவருக்கும் நிலையான கல்விப் பணி இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறுவோம்.

திருவள்ளூர் மாவட்டத்தைத் தொழிற்பேட்டை மாவட்டம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். சிப்காட், உருக்காலைகள், அத்திப்பட்டு அனல்மின் நிலையம், எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள். ஆனால் பொது மானுடப் புலத்துக்கு இவ்வளவு செழிப்பான நிலம் தமிழ்நாட்டில் வேறில்லை என்பேன். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே மாதம் பல்லாவரத்தில் முதல் கற்கருவியை எடுத்தார். அதே ஆண்டு அவரும் வில்லியம் கிங்கும் கொசஸ்தலையாற்றுப் படுகையில் அத்திரம்பாக்கத்தை அடைந்தார்கள். சாந்தி பப்பு குழுவினர் 1999 முதல் அங்கே அகழ்ந்து, கைக்கோடரிகளின் காலம் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-ல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். இடைப் பழங்கற்காலம் அங்கே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று 2018-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். உலக மானுட வரலாற்றுப் பாடநூலில் இடம்பிடித்த ஊர். பக்கத்தில் குடியம் குகைகள், பூண்டியில் தொல்பழங்கால அருங்காட்சியகம். பூண்டிக்கு வருகிற கூட்டம் ஏரியைப் பார்க்கத்தான் வருகிறது.

கிழக்கே பழவேற்காடு. 1613-ல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்டிரியா கோட்டையின் இடிபாடும், எலும்புக்கூடு செதுக்கிய வாயில் கொண்ட கல்லறைத் தோட்டமும் அங்கே. சோழமண்டலக் கரையில் டச்சுக் கம்பெனியின் தலைமையிடமாக இருந்த ஊர். துணியோடு அடிமைகளும் கப்பலேறிய துறை. அந்த ஊரின் பழமையைப் பல ஆண்டுகளாக எடுத்துச் சொல்லிவருபவர் சேவியர் பெனடிக்ட். அவர் கட்டடக் கலைஞர். கவனித்தீர்களா? நிலவியலாளர், கட்டடக் கலைஞர், வேதியியலாளர், அதிகாரி. வரலாறும் தமிழும் படித்துவிட்டு அந்தப் படிப்பையே பிழைப்பாகக் கொண்டு இந்த வேலையைச் செய்கிறவர் கண்ணில் படுவதேயில்லை.

அவர்கள் எங்கே? பொன்னேரி, திருத்தணி அரசு கலைக் கல்லூரிகளிலும் பட்டாபிராம் இந்துக் கல்லூரியிலும் பட்டம் வாங்கிவிட்டு, முதுகலைக்குச் சேப்பாக்கம் போய்விட்டு, மாலையில் தேர்வுப் பயிற்சி மையத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். என்ன ஆகப் போகிறாய் என்று கேட்டால் வரும் விடைகள் நமக்குத் தெரிந்தவைதான்: குரூப் 2, குரூப் 4, நெட், செட், டி.ஆர்.பி., போலீஸ் எஸ்.ஐ., பெண்கள் என்றால் கூடவே பி.எட். இதைக் கேட்டுக் கருத்தரங்கப் பேராசிரியர்கள் உதட்டைப் பிதுக்குவதைப் பார்த்திருக்கிறேன். கனவு காணத் தெரியாத தலைமுறையாம்! பத்தாம் வகுப்பே தகுதியாக உள்ள குரூப் 4 தேர்வுக்கு 2022-ல் சுமார் 22 லட்சம் பேர் விண்ணப்பித்த மாநிலம் இது. 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு 2024-ல் அறிவிப்பு வந்தது. தேர்வு தள்ளிக்கொண்டே போனது. கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-ல் சொன்னது. நம் அரசுக் கல்லூரிகளில் அவர்கள் வாங்குவது அதற்கு வெகு கீழே. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி மிதித்த பெண் மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உள்ள வேலையைக் கேட்பது கற்பனை வறட்சியா? தெளிவான கணக்கு.

இறக்குமதி செய்கிறோமே, அந்த நாட்டில் நிலைமை என்ன? 1965-ல் உருவான அமெரிக்க தேசிய மானுடப் புல நிதியம் ஊர் நூலகம், சிற்றருங்காட்சியகம், மாநில மானுடப் புல மன்றங்கள் எனப் பலவற்றைத் தாங்கிவந்தது. 2025 ஏப்ரலில் அதன் மானியங்கள் கொத்துக் கொத்தாக ரத்து செய்யப்பட்டன. அங்கேயும் பொது மானுடப் புலத்தை நிற்க வைத்தது பாடத்திட்டம் என்பதைவிடப் பொதுப்பணம்தான் என்பது அப்போது எல்லோருக்கும் புரிந்தது. நாம் பாடத்திட்டத்தை மட்டும் வாங்கிவந்திருக்கிறோம். இங்கும் சான்று உண்டு: தேசிய நாட்டுப்புறவியல் உதவி மையம் 1997-ல் சென்னையில் ஃபோர்டு அறக்கட்டளை நிதியோடு எழுந்தது. நல்ல வேலைகள் செய்தது. ஆனால் அயல்நிதியில் நிற்கும் நிறுவனத்தை நம்பி ஒரு மாவட்டத்துப் பிள்ளைகள் வாழ்க்கையைத் திட்டமிட முடியாது.

இன்னொரு குறையும் சொல்ல வேண்டும். இன்று 'மரபு' என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் கோயில், கல், கல்லறை. கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்தபின் இந்த மோகம் இன்னும் கூடியிருக்கிறது. கீழடி வேண்டும், அதற்காகக் கும்மிடிப்பூண்டியின் வரலாறு பானை ஓட்டோடு முடிந்துவிடுமா? உருட்டாலையில் நிற்கும் பீகார், ஒடிசாத் தொழிலாளி, நிலம் கொடுத்துவிட்டு அதே இடத்தில் ஒப்பந்தக் கூலியாகப் போகும் உள்ளூர்க்காரர், தலைமுறை கடந்தும் முகாமில் வாழும் ஈழத் தமிழர், சாம்பலும் சுடுநீரும் கலந்த எண்ணூர்க் கழிமுகத்தில் வலை வீசும் மீனவர், செங்குன்றத்து அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் கொத்தடிமையாகக் கிடந்து மீண்ட இருளர். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தது. அதன்படி வருவாய்க் கோட்ட அலுவலகங்கள் வழங்கிய விடுதலைச் சான்றுகள் இந்த மாவட்டத்தின் மிக முக்கியமான சமூக ஆவணங்கள் என்று எந்த வரலாற்றுத் துறைக்காவது தோன்றியிருக்கிறதா? சோழர் கல்வெட்டுக்குக் காட்டும் மரியாதையை அந்தக் காகிதத்துக்கும் காட்டப் பழகினால்தான் இந்தத் துறை பெரியவர்களின் விளையாட்டாக இல்லாமல் வளரும்.

இந்த வேலைக்கு வெளியிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. பொன்னேரி வகுப்பறையிலேயே சிப்காட் ஒப்பந்தத் தொழிலாளியின் மகன் இருக்கிறான், முகாமிலிருந்து வரும் பெண் இருக்கிறாள், பழவேற்காட்டு மீனவர் வீட்டுப் பிள்ளை இருக்கிறது. தங்கள் வீட்டில் பேசப்படுவது ஆய்வுப்பொருள் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. நா.வா. இருந்திருந்தால் முதல் கூட்டத்திலேயே சொல்லியிருப்பார். சொன்னால் மட்டும் போதாது, சம்பளமும் வேண்டும். அவர் காலத்தில் குழுவுக்கு வந்தவர்களில் பலருக்குப் பகலில் ஒரு வேலை இருந்தது. இன்று வருகிறவருக்குப் பகலிலும் தேர்வுப் பயிற்சிதான்.

ஆகவே புதிய முதுகலைப் படிப்பு எதையும் தொடங்க வேண்டாம். திருவள்ளூர் மாவட்ட மைய நூலகத்தில் வட்டார ஆவணப் பிரிவு, அதற்கு ஓர் ஆவணக் காப்பாளர். பூண்டி அருங்காட்சியகத்தில் பள்ளிகளுக்குப் பாடம் சொல்ல ஒருவர். அவரே அத்திரம்பாக்கத்தையும் குடியத்தையும் பார்த்துக்கொள்ளட்டும். பழவேற்காட்டில் ஒருவர். கும்மிடிப்பூண்டியில் இந்தியும் ஒடியாவும் பேசத் தெரிந்த வாய்மொழி வரலாற்றாளர் ஒருவர். நான்கும் தேர்வாணையம் வழியாக நிரப்பப்படும் நிரந்தரப் பணியிடங்களாக இருக்க வேண்டும், மதிப்பூதியம் என்ற பேச்சே கூடாது. அரசு ஊதிய விகிதத்தில் நான்கு பேருக்கு ஆகும் செலவு, தொழிற்பேட்டைகளிலிருந்து வரி வாங்கும் ஓர் அரசுக்குப் பொருட்டே அல்ல. அடுத்த மானியக் கோரிக்கையில் பள்ளிக் கல்வித் துறையும் தொல்லியல் துறையும் இதைச் சேர்க்க வேண்டும். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர், திருத்தணி சட்டமன்ற உறுப்பினர்கள் அதைக் கேட்க வேண்டும்.