மறுமொழி வராத செபம்

செபிக்கின்ற ஒருவரைத் திரையில் காட்டுவது எளிது. கைகளைக் குவித்து, கண்களை மேலே உயர்த்தி, பின்னணியில் சிறிது இசையைச் சேர்த்தால் போதும். அந்தச் செபத்திற்கு மறுமொழி வராமற்போகும்போது அவர் என்ன ஆகிறார் என்பதைக் காட்டுவதுதான் அரிது. நாம் பார்த்த அளவில், அந்த அரிய செயலைச் செய்தவர்களுள் முதலிடம் பெறத் தக்கவர் ஆங்கில நடிகை பெக்கி ஆஷ்கிராஃப்ட். உலகம் அவரைப் பெரிதாக அறிந்தது 1984ஆம் ஆண்டில், அவர் நடித்த இரு முதிய பெண்களின் வழியாக. அவ்விருவருமே இந்திய மண்ணில் இறைவனின் மௌனத்தைச் சந்திப்பவர்கள். அவ்விரு வேடங்களையும், அவற்றை நோக்கி அவரை இட்டுச்சென்ற கலைப் பயணத்தையும் நம்பிக்கையின் கண்கொண்டு பார்ப்பது பயன்தரும் என எண்ணுகிறோம்.

ஆஷ்கிராஃப்ட் 1907 டிசம்பர் 22ஆம் நாள் இலண்டனை அடுத்த குரோய்டனில் பிறந்தார். தந்தையை முதல் உலகப் போரில் இழந்தார். நாடகக் கல்வி பயின்று 1926இல் பர்மிங்காம் நகர மேடையில் தொழில்முறை நடிகையாக அடியெடுத்து வைத்தார். 1930இல் பால் ராப்சன் என்னும் கறுப்பின அமெரிக்கக் கலைஞர் ஒத்தெல்லோவாக நடிக்க, இவர் டெஸ்டிமோனாவாக நடித்தார். வெள்ளை இனப் பெண்ணொருத்தி கறுப்பின ஆணை மேடையில் அன்பு செய்வதைப் பொறாதவர்கள் அவருக்கு வெறுப்புக் கடிதங்களை அனுப்பினர். 1935இல் ஜான் கில்குட், லாரன்ஸ் ஒலிவியர் ஆகிய இருவரும் ரோமியோவாக மாறி மாறி நடித்த புகழ்பெற்ற நாடகத்தில் இவரே ஜூலியட். 1963இல், ஐம்பத்தைந்து வயதில், சேக்சுபியரின் வரலாற்று நாடகங்களில் வரும் மார்கரெட் அரசியாக, இளம் மணமகள் முதல் சபிக்கின்ற கிழவி வரை ஒரு முழு வாழ்வையே ஸ்ட்ராட்ஃபோர்டு மேடையில் நடித்துக் காட்டினார்.

மேடையே அவருடைய வீடு. திரைப்படங்கள் சிலவே. ஆயினும் அச்சிலவற்றிலும் ஒரு நூல் ஓடுவதைக் காண்கிறோம். 1935இல் வெளிவந்த ஹிட்ச்காக்கின் 'தி தர்ட்டி நைன் ஸ்டெப்ஸ்' படத்தில் அவர் ஸ்காட்லாந்துக் குடியானவன் ஒருவனின் இளம் மனைவி. உணவுக்கு முன் கணவன் செபம் சொல்கிறான். சொல்லிக்கொண்டே மனைவியையும் விருந்தாளியையும் ஐயத்தோடு நோட்டமிடுகிறான். செபம் சொல்லாத மனைவியோ, தேடப்படும் அந்த மனிதன் தப்பிச் செல்லக் கணவனின் மேலங்கியையே கொடுத்து அனுப்புகிறாள். அதன் பையிலிருந்த பாடல் புத்தகம் பின்னர் ஒரு துப்பாக்கிக் குண்டைத் தடுத்து அவன் உயிரைக் காக்கிறது. சில நிமிடங்களே வரும் வேடம் அது. ஆனால் உதட்டுச் செபத்திற்கும் இரக்கத்திற்கும் உள்ள தொலைவை அந்தச் சில நிமிடங்கள் அளந்து காட்டிவிடுகின்றன.

1959இல் வெளிவந்த 'தி நன்ஸ் ஸ்டோரி' நம்மவருள் மூத்தோர் சிலர் அறிந்த படம். ஆட்ரி ஹெப்பர்ன் நடித்த இளம் கன்னியர், காங்கோ நாட்டில் பணியாற்றியபின், கீழ்ப்படிதல் என்னும் வார்த்தைப்பாட்டோடு போராடி, இறுதியில் மடத்தைவிட்டு வெளியேறுவதே கதை. காங்கோ இல்லத்தின் தலைமை அன்னையாக ஆஷ்கிராஃப்ட் வருகிறார். அதிகாரத்தில் உள்ள துறவியரைக் கல்நெஞ்சராகவோ மெழுகுப் பொம்மையாகவோ காட்டுவது திரையுலகின் பழக்கம். இவர் இரண்டையும் தவிர்த்து, கட்டளையிடும்போதும் அந்தக் கட்டளையின் சுமையைத் தாமும் தாங்குகின்ற ஒரு பெண்ணைக் காட்டினார்.

1975இல் இலண்டன் தேசிய நாடக அரங்கிற்காகச் சாமுவேல் பெக்கெட்டின் 'ஹேப்பி டேஸ்' நாடகத்தில் வின்னியாக நடித்தார். மண்மேட்டில் முதலில் இடுப்புவரையிலும், பின்னர்க் கழுத்துவரையிலும் புதைந்து கிடக்கும் பெண் அவள். ஆயினும் மணியோசை எழுப்பியதும் தன் நாளைச் செபத்தோடுதான் தொடங்குகிறாள். பிறகு ஓயாமல் பேசுகிறாள். அந்தச் செபத்தைக் கேட்பார் உண்டா என்பதற்கு நாடகம் விடை சொல்வதில்லை. நம்பிக்கையின்மையின் நாடகம் என்று பலர் இதனை ஒதுக்குவர். நமக்கோ, மண் கழுத்தை எட்டிய பின்னும் பேச்சை நிறுத்தாத அந்தப் பெண்ணில் பின்னர் வரவிருந்த ஒரு பாத்திரத்தின் முன்னுருவம் தெரிகிறது.

அந்தப் பாத்திரமே பார்பி பேச்சலர். பால் ஸ்காட் என்னும் ஆங்கில எழுத்தாளர் ஆங்கிலேய ஆட்சியின் கடைசி ஆண்டுகளைப் பற்றி 1966 முதல் 1975 வரை எழுதிய நான்கு புதினங்களை, கிரனடா நிறுவனம் 'தி ஜுவல் இன் தி கிரவுன்' என்ற பெயரில் பதினான்கு பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடராக்கி 1984இல் ஒளிபரப்பியது. பார்பி ஒரு புரட்டஸ்தாந்து மிஷன் பள்ளி ஆசிரியை. இந்தியக் குழந்தைகளுக்குக் கற்பிப்பதிலேயே வாழ்நாளைக் கழித்து ஓய்வு பெற்றவர். மலைநகரம் ஒன்றில் மேபெல் என்னும் முதிய சீமாட்டியின் வீட்டில் துணையாகத் தங்குகிறார். மேபெல் இறந்ததும் குடும்பத்தார் அவரை வெளியேற்றுகின்றனர். தன்னைக் கணவருக்கு அருகே அடக்கம் செய்யவேண்டும் என்ற மேபெலின் விருப்பத்தை நிறைவேற்றுமாறு பார்பி மன்றாடியும் யாரும் செவிசாய்க்கவில்லை. எஞ்சிய உடைமை ஒரு டிரங்குப் பெட்டி மட்டுமே. ஒரு மறைப்பணி வாழ்வின் காகிதங்களும் நினைவுப் பொருள்களும் அதனுள் உள்ளன. அதனை ஏற்றிச் செல்லும் குதிரை வண்டி மலைப்பாதையில் கவிழ்கிறது. பேசிப் பேசியே வாழ்ந்த பார்பி, பேச்சற்றவராய் மருத்துவமனைக் கட்டிலில் முடிகிறார்.

பார்பியின் உள்துயரம் வேறு. தம் செபம் இறைவனைச் சென்றடையவில்லையோ என்ற அச்சம் நெடுநாளாக அவரை அரிக்கிறது. இதனை ஆஷ்கிராஃப்ட் கண்ணீரால் காட்டவில்லை, பேச்சால் காட்டினார். எல்லோருக்கும் சலிப்பூட்டும் அளவுக்குப் பார்பி பேசுகிறார். அந்தப் பேச்சின் நடுவே திடீரென ஒரு நொடி நிற்கிறார். மறுபுறம் யாரேனும் இருக்கிறார்களா என்று காதுகொடுப்பதுபோல் நிற்கிறார். பின்னர் மீண்டும் விரைவாகப் பேசத் தொடங்குகிறார். அந்த நிறுத்தத்தைக் கண்ட பின்பு, பேச்சு முழுவதுமே மௌனத்திற்கு அஞ்சி எழுப்பிய வேலி என்பது புலப்படுகிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குரலையே முதலாகக் கொண்டிருந்த நடிகை, இறுதிப் பகுதியில் அந்தக் குரலையும் துறந்து கண்களை மட்டுமே வைத்துக்கொண்டார். அவருடைய கலைவாழ்வின் சிகரம் இதுவே என்பது நம் கருத்து.

இந்தக் கதை மறைப்பணியை வெறுமனே போற்றவில்லை என்பதையும் சொல்லவேண்டும். தொடரின் பெயரே ஓர் ஓவியத்தினின்று வந்தது. அரியணையில் அமர்ந்த விக்டோரியா அரசியிடம் இந்திய மக்கள் காணிக்கை செலுத்தும் படம் அது. மிஷன் பள்ளியில் அதைக் காட்டியே ஆங்கிலம் கற்பிக்கின்றனர். அரசியின் அரியணையும் ஆண்டவரின் அரியணையும் குழந்தைகள் மனத்தில் ஒன்றாகிவிடும் ஆபத்து அதில் இருக்கிறது. மேபெல் தூக்கத்தில் முணுமுணுக்கும் ஒரு பெயரை யாரோ ஆங்கிலப் பெண்ணின் பெயரென்று பார்பி எண்ணித் தேடுகிறார். அது ஜாலியன்வாலா என்று நாம் அறியும்போது நெஞ்சு நடுங்குகிறது. அந்தப் படுகொலை நிகழ்ந்தது 1919 ஏப்ரல் 13இல். அதே ஆண்டு நவம்பர் 30இல்தான் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட், மறைபரப்புப் பணியாளர் தம் தாய்நாட்டின் நலனை விண்ணரசின் நலனுக்கு மேலாக வைக்கலாகாது என்று திருமடல் வழியே எச்சரித்தார். எச்சரிக்கை தேவைப்பட்டது என்பதே நம் திருச்சபையிலும் அந்நோய் இருந்ததற்குச் சான்று. எனவே பார்பியின் பெட்டியைப் பிற சபையாரின் பெட்டி என்று நாம் தள்ளிவைக்க இயலாது.

இரண்டாவது பெண் மிசஸ் மூர். ஈ. எம். ஃபார்ஸ்டர் 1924இல் வெளியிட்ட புதினத்தை டேவிட் லீன் 'எ பேசேஜ் டு இந்தியா' என்ற படமாக்கினார். நீதிபதியான மகனைக் காண இந்தியா வரும் இம்முதியவர், நிலவொளியில் ஒரு மசூதிக்குள் காலணிகளைக் கழற்றிவிட்டு நுழைகிறார். அங்கே மருத்துவர் அசீஸின் நட்பைப் பெறுகிறார். பின்னர் மராபர் குகையொன்றில், எந்தச் சொல்லையும் ஒரே பொருளற்ற ஓசையாக்கித் திருப்பித் தரும் எதிரொலியைக் கேட்டு நிலைகுலைகிறார். நாடு திரும்பும் வழியில் கப்பலிலேயே இறக்கிறார்.

இவ்வேடத்திற்காக எழுபத்தேழு வயதில் அவர் ஆஸ்கர் விருது பெற்றார். ஆயினும் பார்பிக்கே நாம் முதலிடம் தருவோம். ஃபார்ஸ்டரின் எழுத்தில் குகையின் எதிரொலி நம்பிக்கையின் அடித்தளத்தையே அசைக்கிறது. லீனின் படத்திலோ நெரிசலும் வெப்பமும் தாளாத மூதாட்டியின் களைப்பாக அது சுருங்கிவிடுகிறது. கத்தோலிக்க மறையைத் தழுவியவரான அலெக் கின்னஸ், முகப்பூச்சுப் பூசி இந்து அந்தணராக வருவதும் படத்தின் குறையே. அந்தக் குறைகளுக்கிடையே, குகையைவிட்டு வெளிவந்து நாற்காலியில் சாய்ந்திருக்கும் ஆஷ்கிராஃப்டின் முகம் மட்டும் படம் சொல்லத் தவறியதைச் சொல்கிறது. மசூதியில் இறைவன் இருப்பதை உணர்ந்த அதே கண்கள் இப்போது எதையும் தேடாமல் வெறித்திருக்கின்றன.

இவ்விருவரும் நம்பிக்கை இழந்தவர்கள்தாமா? விரைந்து ஆம் என்று சொல்லிவிட வேண்டாம். ஆன்மாவின் இருண்ட இரவைப் பற்றிப் புனித சிலுவை அருளப்பர் நமக்குக் கற்பித்திருக்கிறார். குழந்தை இயேசுவின் தெரேசா 1897இல் இறக்குமுன் ஓராண்டுக்கும் மேலாக அவ்விருளில் நடந்தார். அன்னை தெரேசாவின் கடிதங்கள் 2007இல் நூலாக வெளிவந்தபோது, ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அவரும் இறைவனின் மௌனத்தைச் சுமந்தார் என்று உலகம் அறிந்தது. 2016இல் திருச்சபை அவரைப் புனிதர் என அறிவித்தது. கல்வாரியில் நம் ஆண்டவரே கைவிடப்பட்டவராகக் கதறினார், அதுவும் செபமே. ஆஷ்கிராஃப்டின் சொந்த நம்பிக்கை எதுவென ஆராய்வது நம் வேலையன்று. மறுமொழி வராததும் மறுமொழியாளர் இல்லாததும் ஒன்றல்ல என்னும் நுண்ணிய வேறுபாட்டை அவருடைய பார்பி நமக்கு உணர்த்துகிறார். அதுவே நமக்குப் போதுமானது.

பார்பியின் பெட்டியைப் பார்த்தபோது நமக்கு ஓர் உபதேசியாரின் நினைவு வந்தது. நாற்பது ஆண்டுகள் ஊர் ஊராய் நடந்து ஞானோபதேசம் கற்பித்தவர். நோயில்பூசுதல் கொடுக்கச் சென்றபோது அவருடைய கட்டிலடியில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. உள்ளே அவர் தயாரித்த முதல் நன்மைக் குழந்தைகளின் பெயர்கள் எழுதிய நோட்டுப் புத்தகங்கள். "சாமி, இதெல்லாம் ஆண்டவர் கணக்கில் இருக்குமா?" என்று அவர் கேட்டார். இருக்கும் என்று உடனே சொன்னோம். ஆனால் அந்தப் பெயர்களுக்கு உரியவர்களுள் ஒருவரையாவது அழைத்து வந்து அவர் கட்டிலருகே நிறுத்தவேண்டும் என்று நமக்குத் தோன்றவில்லை. இறைவனின் மௌனம் என்று நாம் சொல்வதில் எவ்வளவு பங்கு நம்முடைய மௌனம் என்பதை அன்று நாம் எண்ணிப்பார்க்கவில்லை. பார்பியை வீட்டைவிட்டு அனுப்பியவர்களும் கோவிலுக்குச் செல்பவர்களே.

ஆஷ்கிராஃப்ட் 1991 ஜூன் 14ஆம் நாள் இலண்டனில் காலமானார். வாய்ப்பு நேர்ந்தால் அத்தொடரை முழுவதுமாகப் பாருங்கள். பார்த்து முடித்ததும், உங்கள் பங்கில் பணி ஓய்ந்து கட்டிலில் கிடக்கும் ஓர் ஆசிரியையையோ, அருட்சகோதரியையோ, உபதேசியாரையோ போய்ப் பாருங்கள். அவர் பேசினால் சலிப்பின்றிக் கேளுங்கள். பேசவில்லை என்றால் சற்று நேரம் அருகில் அமர்ந்திருங்கள்.