மாலிந்தி: வழி சொன்னவருக்குத் தூண் இல்லை

பயணக் கட்டுரைகளில் கென்யாவின் மாலிந்திக்கு நிரந்தரமாக ஒரு அடைமொழி உண்டு: "தூங்கி வழியும் கடற்கரை ஊர்". கூடவே 'போலே போலே' என்ற சுவாஹிலிச் சொல்லும் வந்துவிடும்; மெதுவா, மெதுவா என்று அர்த்தம். நானும் அங்கே போய் அலையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தவன்தான். சுகமான ஊர், மறுக்கவில்லை. ஆனால் அந்த அடைமொழி தப்பு.

அந்தக் கரையில் காத்திருப்பது சோம்பல் இல்லை, தொழில். ஏறக்குறைய நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்கிலிருந்து 'கஸ்காசி' காற்று. ஏப்ரலுக்குப் பிறகு தெற்கிலிருந்து 'கூசி'. பாய்மரக் காலத்தில் முதல் காற்று அரபு, இந்தியக் கப்பல்களைக் கொண்டுவந்தது. இரண்டாவது திருப்பி அனுப்பியது. நடுவில் அவசரப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

இதற்கு வாஸ்கோ ட காமாவே சாட்சி. 1498 ஏப்ரல் 24 அன்று, மாலிந்தி மன்னர் கொடுத்த வழிகாட்டியோடு கிளம்பினார். மே 20-ல் கோழிக்கோடு. 26 நாள். திரும்பும்போது காற்று மாறும்வரை பொறுக்காமல் அக்டோபர் தொடக்கத்திலேயே இந்தியக் கரையை விட்டார். அதே கடலைக் கடக்க மூன்று மாதம். வழியில் ஸ்கர்வி நோயில் சுமார் 30 பேர் செத்தார்கள். 1499 ஜனவரி 7-ல் மாலிந்தி வந்து சேர்ந்தபின், ஓட்ட ஆள் போதாமல் ஒரு கப்பலையே எரிக்க வேண்டியதாயிற்று.

இன்று கடல்முனையில் நிற்கும் தூண் காமா பெயரில் இருக்கிறது. வழி கேட்டவருக்குத் தூண். வழி சொன்னவருக்கு உறுதியான பெயர்கூட இல்லை. அவர் இபின் மாஜித் என்று பல புத்தகங்களில் வரும். ஆய்வாளர்கள் பலர் இப்போது அதை ஏற்பதில்லை. பிற்காலப் போர்த்துகீசிய வரலாற்றாசிரியர்கள் அவரைக் குஜராத்தி முஸ்லிம் என்கிறார்கள். 'மாலெமோ கனகா' என்பதுபோல ஒரு பெயரும் சொல்கிறார்கள். மாலெமோ என்பது அரபியின் முஅல்லிம், கப்பலுக்கு வழிகாட்டுபவர். கனகா என்பது நம்ம கணிகன், கணக்கனோடு ஒட்டிய சொல் என்று ஒரு விளக்கம் உண்டு.

உடனே "காமாவுக்கு வழிகாட்டிய தமிழன்!" என்று தலைப்பு வைக்க எனக்கும் கை துறுதுறுத்தது. ஆனால் இரண்டுமே தொழிற்பட்டம். பட்டத்தை வைத்து ஊரும் இனமும் சொன்னால், நாமும் ஆதாரமில்லாமல் ஒரு தூண் நட்டதாகத்தான் ஆகும். பெயர் தெரியாத ஒருவரை அப்படியே விட்டுவைப்பதும் ஆராய்ச்சியில் ஒரு மரியாதைதான்.

மாலிந்தி போகிறவர்கள் தூணடியில் தாராளமாகப் படம் எடுங்கள். அப்படியே, காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்றும் பாருங்கள்.