பன்னிரு மாதப் பூந்தோட்டம்

தமிழ்நாட்டு வீட்டுப் பூந்தோட்டம் பறிப்பதற்கென்றே வளர்ந்தது. காலையில் சாமி படத்துக்கு, மாலையில் தலைக்கு, வெள்ளிக்கிழமை நிலைப்படிக்கு என்று நாள்தோறும் ஒரு கைப்பிடிப் பூவாவது வேண்டும். செடி பார்வைக்கு எப்படி நிற்கிறது என்பது அடுத்த கவலைதான். எந்த மாதத்திலும் பூக்கூடை வெறுமையாக இருக்கக்கூடாது என்பதே இந்த மரபின் முதல் அளவுகோல். தோட்ட வேலைகள் எல்லாம் அதைச் சுற்றியே அமைந்தவை.

பூக்களைப் பகுக்கும் முறை பழையது. கோட்டுப்பூ மரத்தில் பூப்பது, கொடிப்பூ கொடியில் பூப்பது, நிலப்பூ தரையை ஒட்டிய செடியில் பூப்பது, நீர்ப்பூ குளத்தில் பூப்பது. திருப்புகலூரில் வாழ்ந்த முருக நாயனார் வைகறையில் எழுந்து இந்த நால்வகைப் பூவையும் தனித்தனிக் கூடைகளில் கொய்து, வகை வகையாக மாலை தொடுத்தார் என்கிறது பெரியபுராணம். பறிக்கும் பக்குவத்துக்கும் தமிழில் சொற்கள் உண்டு: அரும்பு, போது, மலர், வீ. மல்லிகையும் முல்லையும் போதாகவே பறிக்கப்படும். செம்பருத்தி ஒரு நாள் பூ என்பதால் காலையில் விரிந்த பிறகு பறிப்பார்கள். உதிர்ந்த பூ பூசைக்கு ஆகாது என்பது பொது விதி. பவழமல்லிக்கும் மகிழம்பூவுக்கும் மட்டும் அதிலிருந்து விலக்கு. உதிர்வதே அவற்றின் இயல்பு.

இந்த மரபின் தாய்ப்பள்ளி கோயில் நந்தவனம். திருவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் நந்தவனம் வைத்து மாலை கட்டிய கைங்கரியமே ஆண்டாள் வரலாற்றுக்குப் பின்புலம். நந்தவனத்தின் சிறுவடிவம் வீட்டுக் கிணற்றடித் தோட்டம். குளிக்கும் நீரும் பாத்திரம் கழுவும் நீரும் வாய்க்கால் வழியாக முல்லைப் பந்தலுக்கும் செம்பருத்திக்கும் ஓடும். தண்ணீருக்கென்று தனிச் செலவு கிடையாது. வேறொரு பள்ளி 19-ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. சென்னையில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் 1835-இல் தொடங்கியது. உதகைத் தாவரவியல் பூங்காவின் வேலை 1848-இல் மக்கைவர் என்பவர் பொறுப்பில் ஆரம்பமாயிற்று. புல்தரை, குரோட்டன்ஸ், பாத்தி நிறையப் பருவப் பூக்கள் என்ற காட்சித் தோட்டம் அவற்றின் வழி பரவியது. பூவைச் செடியிலேயே விட்டுவைத்துப் பார்ப்பது அதன் முறை.

இரண்டு பள்ளிகளும் ஒரே வாசலில் சந்தித்தபோது வீட்டுப் பெண்கள் தேர்ந்தெடுத்தது கவனிக்கத்தக்கது. மெக்சிகோவிலிருந்து வந்த செண்டுமல்லியும் மடகாஸ்கரிலிருந்து வந்த நித்தியகல்யாணியும் நெடுநாள் பூத்ததால் கூடைக்குள் இடம் பிடித்தன. காகிதப்பூ எவ்வளவு பூத்துக் குலுங்கியும் சுற்றுச்சுவரைத் தாண்டி உள்ளே வரவில்லை.

தோட்டத்தின் ஆண்டு கார்த்திகையில், கவாத்தோடு பிறக்கிறது. மழை ஓய்ந்ததும் குண்டுமல்லிக்குத் தண்ணீரை நிறுத்தி வாடவிட்டு, தரையிலிருந்து ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் உயரத்தில் எல்லாக் கிளைகளையும் வெட்டி, நோய்ப்பட்ட குச்சிகளைக் கழித்து, மிஞ்சிய இலைகளையும் உருவிவிட வேண்டும். மொட்டையாக நிற்கும் செடியைப் பார்த்தால் புதிதாக வளர்ப்பவருக்கு மனம் பதறும். ஆனால் மல்லிகை புதுத்துளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். வெட்டத் தயங்கினால் கோடையில் இலைதான் மிஞ்சும். குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம், பிச்சிக்கு டிசம்பர் கடைசி வாரம், முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம் என்று வேளாண் நூல்கள் நாள் குறிக்கின்றன. ஒன்றன்பின் ஒன்றாக வெட்டுவதால் ஒன்றன்பின் ஒன்றாகப் பூக்கும். கவாத்து முடிந்ததும் தூரைக் கொத்தி, மக்கிய தொழுவுரமும் கடலைப் புண்ணாக்கும் இட்டு நீர் விடுவது வழக்கம்.

பங்குனியில் மொட்டு கண்ணில் படும். சித்திரை, வைகாசியில் கூடை நிறையும். பிற்பகல் வெயில் தாழும்போது செடி முழுக்க மொட்டு இருந்தாலும் எல்லாம் பறிக்கத் தக்கவை அல்ல. அன்று மாலை விரியப்போகும் மொட்டு பருத்து, பச்சை அறவே நீங்கிப் பால்வெள்ளையாக இருக்கும். அடியில் இளம்பச்சை ஓடினால் அது மறுநாளுக்கு. அவசரப்பட்டுப் பறித்த பிஞ்சு மொட்டு சரத்தில் விரியாமலே வதங்கிவிடும். பறித்ததை ஈரத்துணியிலோ வாழையிலையிலோ பொதிந்து வைத்துத் தொடுத்தால் இரவு முழுக்க மணக்கும். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் சிறப்பாகச் சொல்லப்படும் தடித்த இதழும் நீடித்த மணமும்தான் வீட்டிலும் நல்ல மல்லிக்கு இலக்கணம். இந்த மாதங்களின் தொல்லை மொட்டுப்புழு. ஊதா நிறம் ஏறிய மொட்டைக் கண்டால் அதைக் கிள்ளி அழித்துவிடுவதே எளிய வைத்தியம். செம்பருத்தியில் மாவுப்பூச்சி ஏறுவதும் இப்போதுதான். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, சோப்புக் கரைசலில் கலந்த வேப்பெண்ணெய் தெளித்தால் கட்டுப்படும்.

ஆடி நடவு மாதம். மல்லிப் பதியனைப் பிரித்து நடுவதும் அரளிப் போத்து ஊன்றுவதும் இம்மாதத்தில்தான். கனகாம்பரத்துக்கு விதை சேர்ப்பது தனி இன்பம். காய்ந்த கதிரில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் போதும், காய் 'பட்'டென்று வெடித்து விதையைத் தெறிக்கும். கதிரை உள்ளங்கையில் வைத்து எச்சில் தொட்டு வெடிக்கவிடாத பிள்ளைகள் குறைவு. டெல்லி கனகாம்பரம் விதை பிடிக்காது. அதைக் குச்சி வெட்டித்தான் பெருக்க வேண்டும்.

ஆவணி கழியும்போது மல்லி குறைந்து பவழமல்லி தொடங்கும். இரவில் மரத்தடியில் வெள்ளைத்துணி விரித்து வைத்தால் விடியலில் ஆரஞ்சுக் காம்புகளோடு பூ அதில் கிடக்கும். ஐப்பசி மழையில் வேலை ஒன்றே ஒன்று: தண்ணீர் தேங்காமல் வடிகால் பார்ப்பது. இரண்டு நாள் நின்ற நீர் முல்லையின் வேரை அழுக வைத்துவிடும்.

பனிக்காலம் சாமந்தியுடையது. பகல் சுருங்கி இரவு நீளும்போதுதான் அது மொட்டு வைக்கும். ஆகவே வாசல் விளக்கு இரவெல்லாம் படும் தொட்டியில் மொட்டு தள்ளிப்போகும். தொட்டியை இருட்டு மூலைக்கு நகர்த்துவதே மருந்து. மாடித் தோட்டக்காரர்கள் இதை அறியாமல் உரத்தை மாற்றி மாற்றிப் போட்டு அலுத்துப்போகிறார்கள். கனகாம்பரமும் டிசம்பர் பூவும் இக்காலத்தில் தலைக்கு உதவும். இரண்டுக்கும் மணமில்லை, நிறத்துக்காகவே விரும்பப்படுபவை. இடையிடையே மருக்கொழுந்து வைத்துக் கட்டும் வழக்கம் அந்தக் குறையை நிரப்புகிறது.

மார்கழியில் கொல்லையில் படர்ந்த பூசணிக்கொடியும் பூத்தருகிறது. காய்க்காத ஆண்பூவைப் பார்த்துப் பறித்துக் கோலத்தின் நடுவே சாணி உருண்டையில் செருகுவார்கள். அதே நாட்களில், கிணற்றடியில் வெட்டப்பட்டு நின்ற குண்டுமல்லித் தூரில் செம்பச்சைத் துளிர் விட்டிருக்கும்.