அட்டையைத் திருத்தும் உரிமை

தமிழ்நாட்டுத் தொடக்கப்பள்ளிகளுக்குப் பாட அட்டைகளோடு வந்த செயல்வழிக் கற்றலைப் பற்றிப் பேச்செடுத்தால் அதன் ஆதரவாளர்களிடமிருந்து ஒரு வாக்கியம் தவறாமல் வந்து விழும்: “திட்டம் அருமையான திட்டம், வாத்தியார்கள்தான் கெடுத்துவிட்டார்கள்.” கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. திறன்பலகை, செயலி என்று அடுத்த சுற்றுப் புதுமைகள் வகுப்பறைக்குள் நுழைந்துகொண்டிருக்கும் நேரத்தில், அதே சாக்கை இவற்றுக்கும் இப்போதே தைத்து வைத்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது. பழைய கணக்கை ஒருமுறை புரட்டிப் பார்ப்பதில் தவறில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளின் கைக்கு எட்டும்படி சுவரின் அடியில் இறங்கிவந்த கரும்பலகை, அவர்களோடு பாயில் உட்கார்ந்த ஆசிரியர், கம்பிப் பந்தலில் தொங்கிய ஓவியங்கள், வருகையைத் தானே குறித்துக்கொண்ட ஒன்றாம் வகுப்புக் குழந்தை. இவற்றைக் கேலி செய்தவர்களோடு எனக்கு என்றும் ஒட்டுறவில்லை. வகுப்பறையில் பயம் குறைந்தது உண்மை.

ஆனால் இந்த முறை எங்கே, எதற்காகப் பிறந்தது? ஆந்திரத்தில் மதனப்பள்ளி அருகே ரிஷிவேலியைச் சுற்றியுள்ள கிராமங்களில், ஓராசிரியர் பள்ளிகளுக்காக. அறுவடை வந்தால் பிள்ளை வயலுக்குப் போகும். ஆடு மேய்க்கப் போகும். பத்து நாள் கழித்துத் திரும்பி வரும். அதற்குள் பாடம் எங்கோ போயிருக்கும். ரிஷிவேலியில் பணியாற்றிய பத்மநாப ராவ், ரமா தம்பதியர் பாடத்தைத் துண்டு துண்டாக அட்டைகளாக்கி ஏணிபோல் அடுக்கியதன் பயன் இங்கேதான் தெரிகிறது: திரும்பி வந்த பிள்ளை விட்ட படியிலேயே கால் வைக்கலாம். அந்த ஊர்க் கதைகளும் பாட்டுகளும் அட்டைகளில் ஏறின. கண்ணெதிரே இருந்த ஒரு சிக்கலுக்கு, அதை அன்றாடம் அனுபவித்தவர்களைக் கூட வைத்துக்கொண்டு கண்ட விடை அது.

சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார் 2003இல் அதைப் பதின்மூன்று பள்ளிகளில் தொடங்கினார். மாநகராட்சி ஆசிரியர்கள் ரிஷிவேலிக்குப் போய்ப் பார்த்து வந்து, தங்கள் பிள்ளைகளுக்கான அட்டைகளைத் தாங்களே எழுதினார்கள். அடித்து எழுதினார்கள், மாற்றி எழுதினார்கள். இதுவரை எனக்குக் குறையொன்றுமில்லை.

2007இல் அது மாநிலம் முழுவதற்கும் போனது. ஏறத்தாழ 37,000 பள்ளிகள். அட்டைகள் அச்சாகி, கட்டுக் கட்டாக வந்து இறங்கின. நெடுநாளாக நான் சொல்லிவரும் குற்றச்சாட்டு இந்த இடத்தைப் பற்றியதுதான். அட்டை போயிற்று, அட்டையைத் திருத்தும் உரிமை அதோடு போகவில்லை. சென்னையின் பதின்மூன்று பள்ளிகளில் ஆசிரியர் ஆக்கியோனாக இருந்தார். வேதாரண்யத்திலும் வால்பாறையிலும் அவர் தட்டிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுப்பவர் ஆனார். ஓர் அட்டை பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்றால் யாரிடம் சொல்வது? ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் சொல்லலாம், பயிற்றுநர் குறித்துக்கொள்வார். அவர் யாரிடம் சொல்வார்?

கடலோரத் தொடக்கப்பள்ளி ஒன்றில் ஓர் ஆசிரியை வலை, கட்டுமரம், நண்டு என்று தானே படம் வரைந்து பத்துப் பதினைந்து அட்டைகள் செய்து வைத்திருந்தார். நான் பார்த்தபோது அவை அலமாரிக்குள் இருந்தன. “பார்வைக்கு வராங்க சார், இது லிஸ்ட்ல இல்ல” என்றார். அந்தப் பள்ளியில் நான் கண்ட ஒரே புதுமை அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. வந்த அதிகாரி அட்டைகளை எண்ணினார், கம்பிப் பந்தலைப் பார்த்தார், ஏணிப்படி சுவரில் இருக்கிறதா என்று பார்த்தார். ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லவில்லை.

தொலைந்த அட்டையின் கதை இன்னும் மோசம். ஏணியில் ஒரு படி இல்லையென்றால் அடுத்த படிக்குப் போகக் கூடாது என்பது முறை. புது அட்டை வரும்வரை பிள்ளை என்ன செய்யும்? துணிச்சலான ஆசிரியர் கரும்பலகையில் எழுதிச் சமாளித்தார். மற்றவர்கள் பிள்ளையை அங்கேயே நிறுத்திவைத்தார்கள். விட்ட இடத்தில் தொடர்வதற்கென்று பிறந்த முறை, பிள்ளையை விட்ட இடத்திலேயே கட்டிப்போட்டது. பெற்றோர் “புத்தகம் எங்கே, வீட்டுப்பாடம் எங்கே” என்று கேட்டதற்கும் ஆசிரியரிடம் சுற்றறிக்கையைத் தவிரப் பதிலில்லை. தான் செய்யாத ஒன்றுக்காக ஒருவர் எப்படி வாதாடுவார்?

ஆசிரியர்களில் சோம்பேறிகள் இல்லையா என்பார்கள். இருக்கிறார்கள், எந்த அலுவலகத்தில்தான் இல்லை? சுற்றறிக்கை எழுதியவர்களில் ஒருவர்கூடச் சோம்பேறி என்று பெயர் வாங்கியதில்லையே, அது எப்படி? ஆசிரியரின் சிந்தனையை விலக்கி வைத்துத் திட்டத்தைப் பரப்பியவர்களே, பிறகு ஆசிரியர் சிந்திக்கவில்லை என்று புகார் சொல்வது கையைக் கட்டிவிட்டு நீந்தவில்லை என்று ஏசுவதற்குச் சமம்.

2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ என்ற இன்னொரு திட்டம் வந்தது. கொரோனாவில் தொலைந்த ஆண்டுகளுக்குப் பிறகு, வயதையும் வகுப்பையும் பாராமல் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையறிந்து கற்பிப்பது சரியான யோசனை, மறுக்கவில்லை. ஆனால் கையேடு மேலிருந்து வருகிறது, மதிப்பீடு செயலி வழியாக மேலே போகிறது. முப்பது பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்காரவைத்து, விடைகளைக் கைபேசியில் தட்டி, சுற்றிச் சுற்றி வரும் சிக்னலுக்காக ஜன்னலோரம் நிற்கும் ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். மொட்டு நிலைக்கான ஒரு செயல்பாடு தன் வகுப்பில் எடுபடவில்லை என்று அவர் பதிவேற்ற அந்தச் செயலியில் எந்தக் கட்டத்தைத் தொட வேண்டும்? சந்தித்த ஆசிரியர்களிடமெல்லாம் கேட்டுவிட்டேன். சிரித்தார்கள்.