எழுத்துள்ள வாள்கள்: மோரோ ஆயுதச் சேகரிப்பு காத்ததும் கைவிட்டதும்

தென் பிலிப்பைன்ஸின் முஸ்லிம் மக்களை மோரோ என்பார்கள். அவர்களில் சூலு தீவுகளின் தௌசுக் மக்கள் இடுப்பில் செருகிய இலை வடிவ வாளுக்குப் பாரோங் என்று பெயர். தடித்த முதுகு, ஒருபக்கக் கூர், காக்கட்டுவா கிளியின் தலையாக வளைந்த கைப்பிடி. இவற்றிலும் நெளிவு நெளிவான கிரிஸ் வாள்களிலும் சிலவற்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், அலகின் மேல் அரபு எழுத்து மின்னும். இரும்பில் மெல்லிய பள்ளம் வெட்டி, வெள்ளிக் கம்பியையோ பித்தளையையோ அதில் அடித்து இறக்கியிருப்பார்கள். இறைவனின் பெயர், வேண்டுதல், ஒன்றோடொன்று சேராத தனி எழுத்துகள், எண்கள் நிரம்பிய கட்டங்கள் எனப் பலவகை உண்டு. ஏந்துபவரைக் காக்கவென்று வாளுக்குக் கட்டிய தாயத்து அது.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்த வாள்களைத் தேடி வாங்குவோர் பலர். எழுத்துள்ள அலகு என்றால் விலை ஏறும். ஆனால் விலையை ஏற்றுகிற அந்த எழுத்தைப் படித்துப் பார்க்கத்தான் சேகரிப்புலகம் மிகக் குறைவாக உழைத்திருக்கிறது. இந்தச் சேகரிப்பின் மேல் எனக்குள்ள மதிப்பும் மனத்தாங்கலும் இதிலிருந்தே தொடங்குகின்றன.

மதிப்புக்குரியதை முதலில் சொல்கிறேன். மோரோ வாள்களின் வகைப்பாட்டையும் காலக்கணிப்பையும் பெருமளவு வளர்த்தவர்கள் தனியார் சேகரிப்பாளர்கள். ராபர்ட் கேட்டோ 1996இல் வெளியிட்ட ‘மோரோ வாள்கள்’ என்ற நூலை இன்றும் எல்லோரும் கையில் எடுக்கிறார்கள். கிரிஸின் அடிப்பகுதியில் கங்யா என்றொரு துண்டு உண்டு. பழைய வாள்களில் அது தனி இரும்பு. அலகோடு பொருந்தும் கோடு ஏறக்குறைய நேராக ஓடி முடியும். பின்னாளில் அந்தக் கோடு முனையில் சாய்ந்து திரும்பியது. இருபதாம் நூற்றாண்டில் ஒரே இரும்பில் செய்து, கோட்டை மட்டும் கீறிக் காட்டினார்கள். நூற்றுக்கணக்கான வாள்களைக் கையிலெடுத்து ஒப்பிட்டுப் பார்த்த கண்களுக்குத்தான் இந்த நுணுக்கம் பிடிபடும். பல அருங்காட்சியகங்களில் ‘மோரோ கத்தி’ என்ற ஒற்றைச் சீட்டோடு இழுப்பறையில் கிடந்தவற்றுக்கு, எந்த இனம், எந்தத் தீவு, ஏறத்தாழ எந்தக் காலம் என்று சொல்ல முடிவது இவர்களால்தான்.

இத்தனை கூர்மையான கண்கள் எழுத்தின் பக்கம் வரும்போது சோர்ந்துவிடுகின்றன. ‘பொருளற்ற கிறுக்கல்’, ‘போலி அரபு’ என்று விற்பனைக் குறிப்பில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். சில அலகுகளில் எழுத்துகள் சிதைந்திருப்பது உண்மை. அரபு அறியாத கொல்லர் மாதிரியைப் பார்த்து வரைந்திருக்கலாம். ஆனால் தாயத்து எழுத்து ஊருக்குப் படித்துக் காட்ட எழுதப்படுவதில்லை. அதை வகுத்துக் கொடுத்தவர் அறிந்திருந்தால் போதும். உடலோடு இருந்தால் போதும். தெரு வாசகருக்குப் புரியவில்லை என்பதற்காக அதைப் போலி என்று தள்ளுவது அளவுகோலையே மாற்றிப் பிடிப்பதாகும்.

எண் கட்டங்களை எடுத்துக்கொள்வோம். இஸ்லாமிய உலகெங்கும் தாயத்துகளில் வரும் மூன்றுக்கு மூன்று கட்டத்தில் 1 முதல் 9 வரையான எண்கள் நிற்கும். எந்த வரிசையைக் கூட்டினாலும் 15. நான்கு மூலைகளில் 2, 4, 6, 8. அரபு எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு என்பதால் இந்த மூலைகளைச் சேர்த்து ‘புதூஹ்’ என்று ஒலித்து, அந்த ஒலியையே காப்பாக எழுதினார்கள். நம் வீடுகளில் போடும் குபேரக் கோலத்தின் கூட்டுத்தொகை 72. அதன் ஒவ்வோர் எண்ணிலிருந்தும் 19ஐக் கழித்துப் பாருங்கள், இதே கட்டம் வந்து நிற்கும். கடலுக்கு இரு கரையிலும் வெவ்வேறு சமயத்தார் நம்பிக் கைக்கொண்ட ஒரு கணக்கை அலங்காரக் கட்டம் என்று எழுதிவைத்தால், அந்த வாளின் பாதி வரலாறு அங்கேயே அறுந்துபோகிறது.

படிக்காமல் விடுவதைவிடக் கொடியது, தேய்த்து அழிப்பது. இரும்பும் எஃகும் மடித்து அடித்த அலகில் அடுக்குகளின் வரிகள் தெரிவதற்காக, துருவை நீக்கி, காடியோ எலுமிச்சையோ அதைவிடக் கடுமையான அமிலமோ பூசுகிறார்கள். அலகுக்கு அமிலம் காட்டுவது அந்த மண்ணிலேயே இருந்த வழக்கம்தான். அதனால் முற்றிலும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பதித்த கம்பி பள்ளத்தின் ஓரங்களைப் பற்றிக்கொண்டுதான் நிற்கிறது. அமிலம் இரும்பின் ஓரத்தை அரித்தால் பிடி தளர்ந்து கம்பி கழன்றுவிடும். பிறகு கம்பி இருந்த தடத்தையும் மெருகுத்தாள் வழித்துவிடும். முகப்பு பளபளக்கும், வேண்டுதலைக் காணோம். எழுத்துக்கு விலை உண்டு என்று தெரிந்தபின் பழைய அலகில் புதிதாக எழுத்தை ஏற்றுவோரும் இருக்கிறார்கள். தேய்ந்த பரப்பின் மேல் கூரான விளிம்போடு புதுப் பள்ளம் ஓடினால் சந்தேகப்பட வேண்டும். அலகை முழுக்க மெருகேற்றியபின் அந்தச் சான்றும் கிடைக்காது.

இந்த வாள்கள் எப்படிக் கடல் தாண்டின என்பதையும் பேசியாக வேண்டும். 1906 மார்ச்சில் ஹோலோ தீவின் புட் தாஹோ எரிமலை வாயில் தங்கியிருந்த தௌசுக் மக்களை லெனர்ட் வுட்டின் கட்டளையின் கீழ் இருந்த அமெரிக்கப் படை தாக்கியது. பெண்களும் குழந்தைகளும் உட்பட மாண்டவர்கள் 600 முதல் 1,000 வரை என மதிப்பிடுகிறார்கள். 1911இல் அமெரிக்கத் தளபதி ஜான் பெர்ஷிங் மோரோ மக்களிடம் ஆயுதப் பறிப்பு ஆணை பிறப்பித்தார். 1913 ஜூனில் அதே தீவின் புட் பக்சாக் மலையில் மீண்டும் பெரும் சாவு. கடல் தாண்டிப்போன வாள்களில் ஒரு பகுதி பிணங்களின் அருகிலிருந்து எடுத்தவை, ஒரு பகுதி ஒப்படைக்க வைத்தவை. காசு கொடுத்து வாங்கியவையும் சிப்பாய்களுக்கு விற்கவென்றே செய்தவையும் இருக்கின்றன. எல்லாமே கொள்ளை என்று ஒரே கோணியில் கட்டிவிட முடியாது. எந்த வாள் எந்த வகை என்று தெரிந்தால்தான் பேச்சுக்கே இடம் உண்டு.

சந்தையோ அந்த விவரத்தை விட்டுவிட்டுக் கதையைப் பிடித்துக்கொள்கிறது. நீண்ட கம்பிலான் வாளின் கைப்பிடியில் தொங்கும் மயிர் வெட்டுண்டவரின் கூந்தல் என்பார்கள். அலகில் பித்தளை அடைத்த துளைகள் கொன்ற தலைகளின் கணக்கு என்பார்கள். இவற்றுக்குச் சான்று கேட்டால் வாய் திறக்க மாட்டார்கள். இந்தக் கதைகளால் அந்த மக்கள் மூர்க்கர்களாக நிற்கிறார்கள். காப்பு வேண்டி எழுத்தைப் பதித்துக்கொண்ட, பயமும் பக்தியும் உள்ள மனிதர்களாகத் தெரிவதில்லை. சிப்பாயின் பேரன் விற்கும்போது வாளோடு வரும் பழைய காகிதச் சீட்டும் கடிதமும் எத்தனை முறை பெட்டியோடு குப்பைக்குப் போயிருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

வாள்களை வாங்குவதையே நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை. வெப்பமும் உப்புக்காற்றும் போரும் பல வாள்களைத் தின்றிருக்கும். 2017இல் தென் பிலிப்பைன்ஸில் மரனாவ் மக்கள் வாழும் மராவி நகரில் ஐந்து மாதம் நடந்த முற்றுகையில் வீடுகளோடு குடும்பச் சொத்துகளும் போயின. வெளிநாட்டு அலமாரியில் எண்ணெய் பூசி வைத்த வாள் பிழைத்திருக்கிறது. அதனால் வைத்திருப்பவரின் கடமை கூடுகிறது என்பேன். சுத்தம் செய்யுமுன் இரு முகங்களையும் சாய்ந்த வெளிச்சத்தில் படமெடுக்க வேண்டும். சீட்டையும் உறையையும் வாளையும் பிரித்து விற்கக் கூடாது. அரபு மட்டும் அறிந்தவரிடம் அல்லாமல், அரபு வரிவடிவில் எழுதிய தௌசுக், மரனாவ் மொழிகளையும் அவ்வூர் வேண்டுதல் மரபையும் அறிந்தவரிடம் படங்களைக் காட்ட வேண்டும்.

அமெரிக்கப் படை 1901இல் சமார் தீவிலிருந்து எடுத்துச்சென்ற பலாங்கிகா தேவாலய மணிகள் 2018 டிசம்பரில் ஊர் திரும்பின. அவை எங்கே தொங்கின என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, கேட்க முடிந்தது. சூலுவில் ஒரு குடும்பம் தன் மூதாதையின் பாரோங்கைக் கேட்க நினைத்தால், அதன் படமோ அதன் மேலிருந்த எழுத்தின் வாசகமோ எங்காவது பதிவாகியிருக்க வேண்டும். அந்தப் பதிவை இன்று செய்யக்கூடியவர், பெரும்பாலும், அதை விலைக்கு வாங்கி வைத்திருக்கும் சேகரிப்பாளர் ஒருவரே.