எதுவும் செய்யாத அடாப்டரின் அழகு

மொலெக்ஸிலிருந்து சாட்டாவுக்குப் போகும் பவர் அடாப்டரை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அதன் வாயைப் பார்த்து வாங்குகிறார்கள். முதுகைப் பார்த்து வாங்க வேண்டும். வாய் எல்லாவற்றிலும் ஒன்றுதான்: 15 பின், ஓரத்தில் ‘எல்’ வடிவத்தில் ஒரு மடிப்பு. செய்தவர் கை எப்படிப்பட்டது என்பது முதுகில்தான் தெரியும்.

மலிவான வகையில் வயர்கள் எல்லாம் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் கட்டிக்குள் போய் மறைந்துவிடும். வயர்களை அச்சில் வைத்து, உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தத்தோடு பாய்ச்சி வார்த்தது அது. பாய்ச்சும்போது உள்ளே ஒரு வயர் மயிரிழை நகர்ந்திருந்தாலும் வெளியே தெரியாது. 12 வோல்ட் கம்பிக்கும் பக்கத்து கிரவுண்டுக்கும் நடுவே மெல்லிய படலம் மட்டும் மிஞ்சியிருக்கும். அது நாள்பட நாள்பட சூடாகி, கருகி, கருகிய இடமே மின்சாரம் கடத்தத் தொடங்கி, ஒருநாள் கேபினெட்டிலிருந்து புகை வரும். சாட்டாவையும் டேட்டாவையும் எதுகையாக்கி இதற்கென்றே ஒரு எச்சரிக்கை வாசகம் கணினிக்காரர்களிடம் உலகெங்கும் புழங்குகிறது.

நல்ல வகையில் வயர்கள் தனித்தனியாக, வரிசையாக உள்ளே இறங்கும். ஒவ்வொன்றையும் அதனதன் உலோகப் பல் கவ்விப் பிடித்திருக்கும். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே பிளாஸ்டிக் சுவர் இருக்கும். மேலே தனியாக ஒரு மூடி பொருந்தியிருக்கும். நகத்தால் நெம்பித் திறந்தால் உள்ளே நடந்த வேலை முழுவதையும் பார்த்துவிடலாம். விலை வித்தியாசம் டீ வடைக் காசுதான். சென்னை ரிச்சி தெரு மாதிரியான இடங்களில் இப்படிப்பட்ட சாமான்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும்போது, திருப்பிப் பார்த்து எடுக்கிறவருக்கு நல்லது கிடைக்கும்.

பத்துப் பன்னிரண்டு வயதான ஒரு டெஸ்க்டாப்பை மேம்படுத்தும் வேலையில் இறங்கினால் இப்படிப் பல அடாப்டர்கள் கைக்கு வரும். அவற்றை எடைபோட ஒரே அளவுகோல் போதும் என்பது என் கட்சி: அந்த அடாப்டர் எவ்வளவு குறைவாக வேலை செய்கிறது? இரண்டு முனைகளும் ஏற்கெனவே ஒத்துப்போகின்றன, வடிவம்தான் வேறு என்றால் நடுவில் வெறும் செம்புக் கம்பி போதும். அதில் கெட்டுப்போக ஒன்றும் இல்லை. இரண்டு முனைகளும் ஒத்துப்போகவில்லை என்றால் நடுவில் ஒரு சிப் உட்கார்ந்து வேலை செய்தாக வேண்டும். அப்போது அந்தச் சிப்பின் தரம், அதற்கு வேண்டிய கரண்ட், அதன் சூடு எல்லாமே நம் கவலையாகிவிடும்.

இதைக் கற்றுக்கொள்ளப் பழைய கீபோர்டு ஒன்று போதும். 1987இல் ஐபிஎம் தன் பிஎஸ்/2 வரிசைக் கணினிகளை வெளியிட்டபோது இரண்டு போர்ட்டுகளை உலகுக்குக் கொடுத்தது: கீபோர்டுக்கும் மவுஸுக்குமான உருண்டையான 6 பின் போர்ட், மானிட்டருக்கான 15 பின் விஜிஏ. யுஎஸ்பி வந்த காலத்தில் கீபோர்டுகளோடு ஊதா நிறத்திலும், மவுஸ்களோடு பச்சை நிறத்திலும் ஒரு குட்டி அடாப்டர் வரும். அதற்குள் எதுவும் கிடையாது. அந்தக் கீபோர்டுக்கு இரண்டு முறைகளும் தெரியும். எந்தத் துளையில் செருகியிருக்கிறார்கள் என்று பார்த்து அதுவே மாறிக்கொள்ளும். அதே ஊதா அடாப்டரை யுஎஸ்பி மட்டும் தெரிந்த இன்றைய கீபோர்டில் மாட்டினால் ஒரு எழுத்தும் வராது. பலர் அடாப்டர் பழுது என்று இன்னொன்று வாங்குவார்கள். அதுவும் ‘பழுதாகத்தான்’ இருக்கும்! எதிர்த்திசையிலும் இதே கதை. ஐபிஎம்மின் புகழ்பெற்ற மாடல் எம் கீபோர்டை இன்றைய யுஎஸ்பி போர்ட்டில் ஓட்ட, உள்ளே சிப் வைத்த கன்வர்ட்டர்தான் வேண்டும்.

மானிட்டர் பக்கம் வந்தால் விஷயம் இன்னும் ருசிக்கும். கிராபிக்ஸ் கார்டின் வெள்ளை டிவிஐ போர்ட்டில் ஒரு தட்டையான பட்டை இருக்கும். அதைச் சுற்றி நான்கு சின்னத் துளைகள் இருந்தால் அது டிவிஐ-ஐ. அனலாக் சிக்னலும் அந்தத் துளைகள் வழியே வருகிறது. விஜிஏ மானிட்டருக்கு வெறும் கம்பி அடாப்டர் போதும். அந்த நான்கும் இல்லையென்றால் அது டிவிஐ-டி. எத்தனை அழகான அடாப்டர் வாங்கினாலும் இல்லாத சிக்னல் வராது. காசு கொடுப்பதற்கு முன் அந்த நான்கு துளைகளை எண்ணிப் பார்க்கும் பழக்கம் எத்தனையோ வீண் அலைச்சலைத் தவிர்க்கும்.

ஹெச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்குப் போவது வேறு கதை. ஒருபக்கம் டிஜிட்டல், மறுபக்கம் அனலாக். நடுவில் ஒரு சிப் துபாஷியாக நின்று ஒவ்வொரு சொல்லையும் மாற்றிச் சொல்ல வேண்டும். அந்தத் துபாஷிக்குச் சாப்பாடு போடுவது யார் என்பதுதான் சிக்கல். ஹெச்டிஎம்ஐ போர்ட்டில் 5 வோல்ட் உண்டு. ஆனால் வரையறைப்படி கார்டு உறுதியாகத் தர வேண்டியது 55 மில்லிஆம்பியர் மட்டுமே. பல கன்வர்ட்டர்களுக்கு அது போதாது. சில கார்டுகள் தாராளமாகக் கொடுக்கும், சில கொடுக்காது. ஒரு கணினியில் நன்றாக ஓடிய கன்வர்ட்டர் இன்னொன்றில் அவ்வப்போது திரையைக் கறுப்பாக்குவதற்கு இது ஒரு காரணம். தனியாகக் கரண்ட் வாங்கிக்கொள்ளச் சின்ன யுஎஸ்பி துளை வைத்த கன்வர்ட்டரைத் தேடி வாங்குவது அதனால்தான். திசையையும் பார்க்க வேண்டும். ஹெச்டிஎம்ஐ-விஜிஏ கன்வர்ட்டர் ஒருவழிப் பாதை. விஜிஏ கணினியிலிருந்து ஹெச்டிஎம்ஐ டிவிக்குப் போக அது உதவாது.

இவற்றுக்கு நடுவில் டிஸ்ப்ளேபோர்ட்காரர்கள் செய்த ஏற்பாடு தனியாகப் பாராட்டத்தக்கது. போர்ட்டின் பக்கத்தில் ‘டிபி’ குறியோடு இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், எதிரே ஹெச்டிஎம்ஐ அடாப்டர் மாட்டியிருப்பதைக் கார்டே உணர்ந்து, தன் சிக்னலையே ஹெச்டிஎம்ஐ முறைக்கு மாற்றிக்கொள்ளும். அடாப்டர் வோல்டேஜ் அளவை மட்டும் சரிசெய்து அனுப்பினால் போதும். பெரும்பாரத்தைக் கார்டு தானாக ஏற்றுக்கொண்டதால் அந்த அடாப்டர் சின்னதாகவும் மலிவாகவும் சூடில்லாமலும் இருக்கிறது.

ஆனால் என் மனதில் முதலிடம் பெறுவது எம்.2 என்விஎம்இ எஸ்எஸ்டியைப் பழைய மதர்போர்டின் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் பொருத்தும் கார்டுதான். என்விஎம்இயின் முதல் வரையறை வந்தது 2011இல். அந்தக் காலத்து டெஸ்க்டாப்பில் எம்.2 ஸ்லாட் என்ற பேச்சே இல்லை. ஆனாலும் சில நூறு ரூபாய் அட்டை ஒன்று அதைச் சாத்தியமாக்குகிறது. அட்டையைத் திருப்பிப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை: ஒருபக்கம் நான்கு லேன் (தகவல் ஓடும் பாதை) கொண்ட தங்க விளிம்பு, மறுபக்கம் எம்.2 வாய், நடுவில் செம்புத் தடங்கள். எஸ்எஸ்டி பேசுவதே பிசிஐ எக்ஸ்பிரஸ் என்பதால் மாற்றிச் சொல்ல வேண்டிய தேவை இல்லை. அதற்கு வேண்டிய 3.3 வோல்ட்டும் ஸ்லாட்டிலேயே இருக்கிறது. 2.0 தலைமுறை ஸ்லாட்டில் ஒரு லேனுக்கு நொடிக்கு 500 எம்பி. நான்கு லேனுக்கு 2,000 எம்பி. சாட்டாவின் உச்சம் நடைமுறையில் 550 எம்பியைச் சுற்றித்தான். அதே கார்டின் ஒற்றை லேன் வகையை வாங்கினால் சாட்டாவைவிட வேகம் கூடாது. எனவே நான்கு லேன் கார்டையே எடுக்க வேண்டும், நான்கு லேன் உள்ள ஸ்லாட்டில்தான் செருக வேண்டும்.

இதில் இரண்டு கண்ணிகள் உண்டு. முதலாவது, எம்.2 வடிவத்தில் வருவதெல்லாம் என்விஎம்இ அல்ல. சாட்டா பேசும் எம்.2 எஸ்எஸ்டிகளும் உண்டு. அவற்றில் பெரும்பாலும் இரண்டு வெட்டுகள் இருக்கும். நான்கு லேன் என்விஎம்இயில் ஒரே வெட்டு. சாட்டா வகையை இந்த அட்டையில் செருகினால் பொருந்தும், ஆனால் கணினிக்கு அது தெரியவே தெரியாது. இரண்டாவது, பழைய பயாஸுக்கு என்விஎம்இயிலிருந்து பூட் செய்யத் தெரியாது. விண்டோஸுக்குள் போனபின் டிரைவ் அழகாகத் தெரியும். அதிலிருந்து கணினி கிளம்பாது. குறை அட்டையில் இல்லை, பயாஸுக்கு அந்தப் பாடம் சொல்லிக்கொடுக்கப்படவில்லை. துணிந்தவர்கள் பயாஸ் கோப்பிலேயே என்விஎம்இ டிரைவரைச் சேர்த்து எழுதுவார்கள். நிதானமானவர்கள் பூட் செய்யும் சின்ன வேலையைப் பழைய சாட்டா டிஸ்கிலோ பென் டிரைவிலோ வைத்துவிட்டு, மற்றதையெல்லாம் என்விஎம்இக்கு மாற்றிவிடுவார்கள். லினக்ஸில் இது மிக எளிது. இரண்டாவது வழியே எனக்குப் பிடிக்கும். தவறினாலும் மதர்போர்டு பிழைக்கும்.

கரண்ட் விஷயத்தில் மட்டும் ரசனையை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போட வேண்டும். கிராபிக்ஸ் கார்டின் 6 பின் பவர் கனெக்டர் 75 வாட் வரை கேட்கலாம். சாட்டா பவர் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், ஒன்றுக்கு 1.5 ஆம்பியர், மொத்தம் 54 வாட். ஒரே ஒரு சாட்டாவிலிருந்து 6 பின்னுக்குப் போகும் அடாப்டரைக் கடையில் விற்கிறார்கள் என்பதற்காக அது செய்யத்தக்கது ஆகிவிடாது. கணினிக்குக் கரண்ட் தரும் எஸ்எம்பிஎஸ்ஸில் 6 பின் இல்லையென்றால், ஸ்லாட்டிலிருந்தே வரும் 75 வாட்டுக்குள் அடங்கும் ஜிடிஎக்ஸ் 750 டிஐ, 1050 டிஐ மாதிரியான கார்டுகளில் தனி பவர் கனெக்டர் இல்லாத வகையைத் தேடுவது மேல். எஸ்எம்பிஎஸ்ஸின் பிராசஸருக்கான 8 பின்னும் கார்டுக்கான 8 பின்னும் பார்க்க அண்ணன் தம்பியாக இருக்கும். ஆனால் ஒன்றில் கொக்கி இருக்கும் வரிசையில் 12 வோல்ட், மற்றதில் கிரவுண்ட். அழுத்திச் செருகத் தோன்றினால் அங்கேயே கையை எடுத்துவிட வேண்டும்.

வடிவத்தை நம்பக் கூடாது என்பதற்கு இன்னும் பெரிய சாட்சி 1990களின் இறுதியில் வந்த சில டெல் கணினிகள். மதர்போர்டு கனெக்டர் பொதுவான ஏடிஎக்ஸ் போலவே இருக்கும், உள்ளே வயர்களின் வரிசை வேறு. புது எஸ்எம்பிஎஸ் மாட்டியவர்கள் போர்டை எரித்தார்கள். பிற்காலத்தில் டெல் நேர்மையாகவே வேறு வடிவம் வைத்தது: ஆப்டிபிளெக்ஸ் 9020இல் 24 பின்னுக்குப் பதில் 8 பின்தான். அதற்கு அடாப்டர் கிடைக்கிறது. வேறு வடிவம் என்பதாலேயே அது பாதுகாப்பானது. தவறான எஸ்எம்பிஎஸ் தானாகப் பொருந்தாது.

சில சமயம் அடாப்டரின் குறையே குணமாகவும் ஆகும். 2016இல் வந்த சாட்டா 3.3 வரையறை, பவர் கனெக்டரின் மூன்றாவது பின்னுக்குப் புது வேலை கொடுத்தது: அதில் மின்சாரம் வந்தால் டிஸ்க் அணைந்தே இருக்க வேண்டும். பழைய எஸ்எம்பிஎஸ்களோ அதே பின்னில் 3.3 வோல்ட்டை எப்போதும் அனுப்பிக்கொண்டிருக்கின்றன. விளைவு, எக்ஸ்டர்னல் பெட்டியைப் பிரித்து எடுத்த பெரிய டிஸ்க்குகள் சில பழைய கணினியில் சுழலவே சுழலாது. டிஸ்க் செத்துவிட்டது என்றே தோன்றும். மொலெக்ஸில் இருப்பது 12 வோல்ட், 5 வோல்ட், இரண்டு கிரவுண்ட் மட்டுமே, 3.3 கிடையாது. எனவே முதுகு பார்த்து வாங்கிய நல்ல மொலெக்ஸ்-சாட்டா அடாப்டரை நடுவில் மாட்டினால் டிஸ்க் எழுந்துவிடும். அந்தப் பின்னின் மேல் காப்டன் டேப் ஒட்டுவது இன்னொரு வழி. அடாப்டர் ஒரு வயரைக் கொண்டுவராததால் தீர்ந்த பிரச்சினை இது. இதைவிட நேர்த்தியான பழுதுபார்ப்பை நான் அறியேன்.

பழுது தேடும்போதும் அந்த ஒரே அளவுகோல் கைகொடுக்கும். வெறும் கம்பி அடாப்டர் என்றால் இரண்டு முனைகளையும் சந்தேகிக்க வேண்டும். சிப் வைத்தது என்றால் முதலில் அதன் கரண்ட்டை. யுஎஸ்பி 3 கார்டு தெரிகிறது, ஹார்ட் டிஸ்க் மாட்டியதும் துண்டிக்கிறது என்றால், கார்டின் ஓரத்தில் இருக்கும் பவர் கனெக்டருக்கு வயர் போயிருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. டிஸ்க் மெதுவாகிறது என்றால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் 199ஆம் எண் வரியைப் பார்க்கலாம். அதில் அது சி7 என்று இருக்கும். அது டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே வழியில் சிதைந்த தகவலின் கணக்கு. எண் ஏறிக்கொண்டே போனால் முதலில் மாற்ற வேண்டியது கேபிளையோ அடாப்டரையோதான். கேபிளை மாற்றினாலும் பழைய எண் குறையாது, மேலே ஏறாமல் நின்றால் வெற்றி. அதே மென்பொருள் என்விஎம்இ எத்தனை லேனில் ஓடுகிறது, எத்தனை லேன் ஓடக்கூடியது என்று இரண்டையும் அருகருகே காட்டும். நான்குக்கு ஒன்று என்று இருந்தால் ஸ்லாட் தவறு, அல்லது அட்டை சரியாக அமரவில்லை.

இத்தனை நேரம் அடாப்டரைப் புகழ்ந்தாலும், புகழ் போய்ச் சேர வேண்டிய இடம் வேறு. நான்காம் தலைமுறை எஸ்எஸ்டி ஒன்று இரண்டாம் தலைமுறை ஸ்லாட்டில் உட்கார்ந்ததும், இரண்டும் தமக்குள் பேசி, இருவருக்கும் முடிந்த வேகத்தில் ஒத்துக்கொள்கின்றன. இனி வரப்போகும் எவரோ ஒருவருக்கும் இடம் விட்டு அந்த வரையறையை எழுதியவர்களின் வேலை அது. அவர்கள் அப்படி எழுதியதால்தான் நடுவில் வெறும் செம்பு போதுமானதாக இருக்கிறது. நிறுவனம் தன் விருப்பத்துக்கு வயரை மாற்றி அடுக்கிய இடத்தில் எவ்வளவு நல்ல அடாப்டரும் ஒட்டுவேலைதான். ஆகவே பழைய கணினி வாங்கப் போகிறவர் பிராசஸரை மட்டும் விசாரித்து நிற்கக் கூடாது. மூடியைத் திறக்கச் சொல்லி, உள்ளே இருக்கும் கனெக்டர்களில் எத்தனை பொதுவானவை, எத்தனை அந்தக் கம்பெனிக்கே உரியவை என்று எண்ண வேண்டும். பொதுவானவை அதிகம் உள்ள கணினி, கொஞ்சம் வேகம் குறைந்ததாக இருந்தாலும், நீண்ட நாள் உழைக்கும்.