பிழையை வாசித்தல்: மேரி கிளேயின் ஆய்வேடும் நமது அட்டவணைகளும்

1

முனைவர் பட்ட ஆய்வேடு என்பதும் ஒரு பிரதிதான். அதற்கென்று ஒரு இலக்கணம் உண்டு. எழுதுகிறவருக்கான குரல் அதில் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருக்கிறது. தொடக்கக் கல்வி, எழுத்தறிவு குறித்த ஆய்வேடுகளைப் பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் உட்கார்ந்து வரிசையாகப் புரட்டிக்கொண்டிருந்தபோது இப்படித்தான் தோன்றியது. கட்டுப்பாட்டுக் குழு, சோதனைக் குழு, முன்தேர்வு, பின்தேர்வு, சராசரி, திட்ட விலக்கம், டி மதிப்பு. இன்மைக் கருதுகோள் மறுக்கப்படுகிறது. பிறகு பரிந்துரைகள். இருநூறு பக்கம் தாண்டியும் ஒரு குழந்தைகூட வாயைத் திறந்து ஒரு சொல்லை வாசிக்கவில்லை. வாசிக்கக் கற்பது பற்றிய ஆய்வில் வாசிக்கிற குழந்தை எங்கே போயிற்று?

இது ஆய்வாளர்களின் சோம்பல் பற்றிய புகார் அல்ல. பலரும் உழைத்திருக்கிறார்கள். எதைப் பார்க்கலாம், பார்த்ததில் எதை எழுதலாம் என்பதை ஆய்வேடு என்கிற வடிவமே தீர்மானித்துவிடுகிறது என்பதுதான் என் வாதம். இதைப் பேசுவதற்குக் கொஞ்சம் சுற்றி, நியூசிலாந்தின் ஆக்லாந்து வழியாக வரவேண்டியிருக்கிறது. நான் புரட்டிய ஆய்வேடுகள் சிலவற்றில் மேற்கோளாக வந்துபோகிற ஒரு பெயர் அங்கிருந்து வந்தது.

2

மேரி கிளே (1926-2007) பள்ளி ஆசிரியையாக இருந்தவர். 1966இல் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வுக்காக அவர் செய்த காரியம் மிக எளியது. அந்த நாட்டில் குழந்தைகள் ஐந்தாவது பிறந்தநாளையொட்டிப் பள்ளியில் சேர்கிறார்கள். அப்படிச் சேர்ந்த 100 குழந்தைகளை ஓராண்டுக் காலம், வாரந்தோறும் கவனித்தார். குழந்தை சரியாக வாசித்தால் ஒரு டிக். தவறினால் கோட்டுக்கு மேலே குழந்தை சொன்னது, கீழே அச்சில் இருப்பது. திரும்பப் போய் வாசித்தால் அதுக்கு ஒரு குறி. தானே திருத்திக்கொண்டால் அதுக்கு வேறொரு குறி. இன்று உலகம் முழுக்க ஆசிரியர்கள் கையாளும் வாசிப்புப் பதிவேடு இப்படிப் பிறந்ததுதான்.

இந்த எளிமை எதை எதிர்த்து நின்றது என்பதைப் பார்க்கணும். அன்றைய கல்விச் சொல்லாடலின் மையச்சொல் 'தயார்நிலை'. அமெரிக்காவின் வின்னெட்கா பள்ளிகளில் செய்த ஆய்வை வைத்து, மனவயது ஆறரை ஆகும்வரை வாசிப்புக் கற்பிப்பதைத் தள்ளிப்போடலாம் என்று 1931இல் மோர்ஃபெட்டும் வாஷ்பர்னும் சொன்னார்கள். பல பத்தாண்டுகளுக்கு அது வேதவாக்கு. தயார்நிலை என்கிற கருத்தாக்கம் குழந்தைகளைத் தயாரானவர், தயாராகாதவர் என்று இரண்டாகப் பிரிக்கிறது. தயாராகாத குழந்தையிடம் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, காத்திருந்தால் போதும் என்றாகிவிடுகிறது. கிளே தன் ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்ட சொல் வேறு: அரும்புதல். வாசிக்கத் 'தெரியாத' குழந்தை புத்தகத்தை வைத்துக்கொண்டு செய்கிற ஒவ்வொன்றும் வாசிப்பின் பகுதிதான் என்பது அதன் பொருள்.

பிழை இங்கே இடம் மாறுகிறது. ஒரு சொல்லைத் தப்பாகச் சொல்லிவிட்டு, நின்று, யாரும் சொல்லாமலே திரும்பிப்போய்ச் சரிசெய்கிற குழந்தை, தன் வாயில் வந்ததையும் தாளில் உள்ளதையும் ஒப்பிட்டிருக்கிறது. பிரதிபேதம் பார்க்கிற பதிப்பாசிரியர் செய்கிற வேலைதான் இது. தேர்வுத்தாளில் இதற்கு மதிப்பெண் கிடையாது, ஏனெனில் தேர்வு கடைசி விடையை மட்டுமே பார்க்கிறது. 1972இல் கிளே வெளியிட்ட 'மணல்' என்ற சின்னப் புத்தகமும் இதே பார்வையில் உருவானது. அதில் சில பக்கங்களில் படமோ எழுத்தோ தலைகீழாக இருக்கும். வரிகள் இடம் மாறியிருக்கும். குழந்தையிடம் கேட்பது, எங்கேயிருந்து வாசிக்க ஆரம்பிக்கணும் என்பது போன்ற கேள்விகள்தான்.

3

இத்தோடு நிறுத்தினால் இது ஒரு துதிப்பாடலாகிவிடும். கதை அப்படி முடியவில்லை.

1970களின் பிற்பகுதியில் கிளே 'வாசிப்பு மீட்பு' என்ற திட்டத்தை உருவாக்கினார். பள்ளியில் ஓராண்டு கழிந்தும் பின்தங்கியிருக்கிற ஆறு வயதுக் குழந்தைக்கு, தினமும் அரைமணி நேரம், தனியாக ஒரு ஆசிரியர். 1984இல் அது அமெரிக்காவின் ஓஹையோவுக்குப் போயிற்று. பயிற்சி, சான்றிதழ், படிநிலைப் புத்தகங்கள் எல்லாம் வந்தன. பெயர் பதிவுசெய்யப்பட்ட வணிகக்குறியாயிற்று. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த கண், கையேடாக மாறியது.

அந்தக் கண்ணும் களங்கமற்றதல்ல. குழந்தை ஒரு சொல்லைப் பொருளை வைத்து ஊகித்ததா, தொடரமைப்பை வைத்தா, எழுத்தைப் பார்த்தா என்று ஒவ்வொரு பிழையையும் கிளே வகைப்படுத்தினார். ஊகம் நல்ல வாசிப்பின் அடையாளம் என்கிற அக்காலக் கருத்தியல் இதற்குள் இருக்கிறது. அதையே நிரூபிக்கக் கிளம்பிய கீத் ஸ்டானோவிச்சுக்கும் ரிச்சர்ட் வெஸ்ட்டுக்கும் எதிரான முடிவு கிடைத்தது. சூழலை அதிகம் நம்பிச் சொல்லைக் கண்டுபிடிக்கிறவர்கள் திறமை குறைந்த வாசகர்கள்தான். தேர்ந்த வாசகருக்கு எழுத்தே போதும் என்றார்கள். வாசிப்பு மீட்பில் படித்த குழந்தைகள் மூன்றாம், நான்காம் வகுப்புக்கு வந்தபோது, அதில் சேராத ஒத்த நிலைக் குழந்தைகளைவிடக் குறைவான மதிப்பெண் பெற்றிருந்ததாக 2022இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு சொன்னது. அதன் முறை குறித்து விவாதம் உண்டு. ஆனால் 2025இல் நியூசிலாந்து அரசே எழுத்தொலியை வரிசையாகக் கற்பிக்கும் முறைக்குத் தன் பள்ளிகளை மாற்றிவிட்டது.

அப்போ கிளே பார்த்தது பொய்யா? இல்லை. அவர் பதிந்த பிழைகள் நிஜம். அவற்றுக்கு அவர் தந்த வாசிப்பு, மற்ற எல்லா வாசிப்புகளையும் போல, மறுவாசிப்புக்கு உட்பட்டது. ஐம்பது வருஷம் கழித்தும் அவரோடு சண்டை போட முடிகிறது என்றால், குழந்தை சொன்னது கோட்டுக்கு மேலே எழுதப்பட்டிருப்பதால்தான். டி மதிப்போடு யாரும் இப்படிச் சண்டை போட முடியாது.

4

நமது ஆய்வேடுகள் கிளேயிடமிருந்து எடுத்துக்கொண்டது கருவியை, விட்டுவிட்டது பார்வையை. ஆங்கிலத்துக்குச் செய்த கருவியைத் தமிழாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

இடமிருந்து வலமாக விரலை நகர்த்துகிறதா குழந்தை என்பது கிளேயின் சோதனையில் ஒரு அம்சம். தமிழிலும் வரி இடமிருந்து வலம்தான். ஆனால் 'கெ' என்கிற எழுத்தில் விரல் முதலில் தொடுவது கொம்பை. அதைத் தொடும்போது வாயில் ஒலி இல்லை. ககரம் வந்த பிறகுதான் எகரம் வரும். 'கொ' என்றால் இரண்டு பக்கமும் குறி, நடுவில் மெய். வரி முன்னே போகிறபோது எழுத்துக்குள் கண் திரும்பி வரவேண்டியிருக்கிறது. இந்த இடத்தில் ஆறு வயதுக் குழந்தை என்ன செய்கிறது? தயங்குகிறதா, கொம்பை விழுங்கிவிட்டு 'க' என்கிறதா, துணைக்காலை மட்டும் பிடித்துக்கொண்டு 'கா' என்று வாசித்துவிட்டுத் திரும்புகிறதா? இந்தக் கேள்விக்கு அட்டவணையில் கட்டமே இல்லை.

இரண்டாவது இன்னும் முக்கியம். அக்கா மகள் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை எனக்கு வாசித்துக்காட்டினாள். அச்சில் 'மழை வந்தது'. அவள் வாசித்தது 'மழை வந்துச்சு'. அச்சை அளவுகோலாக வைத்தால் இது பிழை. ஆனால் எழுத்தைக் கூட்டி, பொருளைப் பிடித்து, வீட்டு மொழிக்கு மாற்றிச் சொல்லியிருக்கிறாள். மூன்று வேலை நடந்திருக்கிறது. அதேசமயம், எழுத்தை முழுசாகப் பார்க்காமல் தாண்டியிருக்கவும் கூடும் என்று ஸ்டானோவிச் பக்கம் நின்று சந்தேகப்படலாம். எது சரி? ஒருநாள் கேட்டுச் சொல்ல முடியாது. அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும் உட்காரணும்.

உட்காராதபோது நடப்பது என்ன? வீட்டுப் பேச்சுக்கும் அச்சுத் தமிழுக்கும் தூரம் எல்லா வீட்டிலும் ஒன்றல்ல. படித்த வீட்டுக் குழந்தைக்குக் கதைப்புத்தகம் வழியாக 'வந்தது' முன்பே காதில் விழுந்திருக்கும். கூலி வேலைக்குப் போகிறவர் வீட்டுக் குழந்தை, சேரியிலிருந்து வருகிற குழந்தை அதைப் பள்ளியில்தான் முதன்முதலாகச் சந்திக்கிறது. அதன் மொழிபெயர்ப்பு பிழையாக எண்ணப்படுகிறது, பிழைகள் கூட்டப்படுகின்றன, கூட்டுத்தொகையின் பெயர் 'மெல்லக் கற்கும் மாணவர்'. தயார்நிலை என்று அன்று சொன்னதைத்தான் வேறு சொல்லில் சொல்கிறோம். அந்த முத்திரைக்கு அறிவியல் அந்தஸ்து வாங்கித்தருகிற வேலையை ஆய்வேடுகள் செய்கின்றன, எழுதுகிறவருக்குத் தெரியாமலே.

எழுத்தறிவில் ஆய்வு செய்யப்போகிற நண்பர்களிடம் கேட்பது ஒன்றுதான். கருதுகோளை எழுதுவதற்கு முன்னால் ஒரு வருஷம் பத்துக் குழந்தைகள் பக்கத்தில் ஒரு நோட்டோடு உட்காருங்கள். மாதிரி அளவு போதாது என்று நெறியாளர் சொல்லக்கூடும். புள்ளியியலை விட்டுவிடச் சொல்லவில்லை. எதை எண்ணுகிறோம் என்று தெரிந்துகொண்டு எண்ணலாம். அந்த நோட்டை ஆய்வேட்டின் பின்னிணைப்பிலாவது அப்படியே அச்சிடுங்கள். உங்கள் முடிவுகள் தவறாகப் போனாலும், பின்னால் வருகிறவர்கள் அந்தக் குழந்தைகளைத் திரும்ப வாசிக்க முடியும்.